சென்னை ஆங்கிலத் திருச்சபையில் வழிபாடும் இசையரங்கும்

சென்னை நகரத்தில் கதீட்ரல் சாலை என வழங்கும் பெருஞ்சாலையின் மேல்கோடியில் தூய ஜார்ஜ் பேராலயம் நிற்கின்றது. கீழ்கோடியில் மியூசிக் அகாதெமியின் அரங்கம் உள்ளது. சாலைக்குப் பெயர் தந்த பேராலயம் 1816-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 6-ஆம் நாள் பிரதிஷ்டை செய்யப்பெற்றது. அகாதெமி 1928-ல் நிறுவப்பெற்று, 1962-ல் இவ்விடத்தில் எழுந்த தன் அரங்கிற்கு வந்தது. மார்கழி பிறந்துவிட்டால் ஒரு கோடியில் கிறித்து பிறப்புப் பாடல்கள் நான்கு குரற்பகுப்பில் ஒலிக்கும். மறு கோடியில் கீர்த்தனைகள் ஒலிக்கும். இரண்டிற்கும் இடையே நடந்து கடக்கத்தக்க தொலைவே உளதாயினும், இசை வரலாறு எழுதுவோர் அவற்றை இரு வேறு உலகங்களாகவே கொள்கின்றனர். தமிழிலக்கிய வரலாறு எழுதுவோரும் அங்ஙனமே.

கீர்த்தனை என்னும் அப்பாடல் வகை ஆங்கிலத் திருச்சபையின் வழிபாட்டில் இடம் வேண்டி வழக்காடிய வரலாறு ஒன்று உண்டு. மக்கள் கூடும் அவையில் எதனைப் பாடுவது, எவ்வாறு பாடுவது என்னும் வினாவைத் தமிழிசை இயக்கம் 1940-களில் எழுப்பியது. 1943-ல் தமிழிசைச் சங்கம் தோன்றியது. அதற்கு நூறாண்டுகட்கு முன்னரே அவ்வினா கிறித்தவக் கோயிலுக்குள் எழுந்துவிட்டது. ஆனால் அங்கே எழுந்த வடிவம் வேறு. இசையரங்கில் வழக்கு மொழியைப் பற்றியது. கோயிலிலோ சொற்கள் தமிழ்ச் சொற்களே. அச்சொற்கள் எந்த நடையில் நடப்பது என்பதே வழக்கு. இவ்வேறுபாட்டை மனங்கொண்டு மேலே செல்வோம்.

ஆங்கிலத் திருச்சபையைப் பிற சீர்திருத்தச் சபைகளினின்றும் பிரித்துக் காட்டுவது அதன் பொதுச் செபநூல். 1549-ல் முதற்கண் வெளிவந்து, 1662-ல் நிலைத்த வடிவம் பெற்ற அந்நூலில் காலை வழிபாடு, மாலை வழிபாடு, திருவிருந்து, மணம், அடக்கம் ஆகிய அனைத்திற்கும் உரிய சொற்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. குரு கூற வேண்டுவதும் சபையார் மறுமொழியாக ஓத வேண்டுவதும் அச்சில் உள்ளன. புனித ஜார்ஜ் கோட்டையினுள் 1678 மார்ச்சு 25-ஆம் நாள் தொடங்கி, 1680 அக்டோபர் 28-ஆம் நாள் பிரதிஷ்டை செய்யப்பெற்ற தூய மரியாள் ஆலயம், சூயசுக்குக் கிழக்கே உள்ள ஆங்கிலத் திருச்சபைக் கோயில்களுள் மிகப் பழையது. பீரங்கிக் குண்டு துளைக்காத தடித்த வளைகூரையின் கீழ்க் கம்பெனி ஊழியர் கூடி அச்செபநூலை ஓதினர். ஆர்கன் என்னும் காற்றிசைக் கருவி 17-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அங்கு வந்துவிட்டது. தமிழ் அங்கே புகவில்லை. புகவேண்டும் என்று எவரும் கருதியதாகவும் தெரியவில்லை.

தமிழ்க் கிறித்தவர் பாடியது வேப்பேரியில். அங்கே நிலவிய ஏற்பாடு சற்று விந்தையானது. குருமார் செருமானியர், லூத்தரன் கொள்கையினர். அவர்களுக்குப் பொருளுதவி செய்ததோ ஆங்கிலத் திருச்சபையினர் இலண்டனில் நடத்திய கிறித்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம். ஆங்கிலேயர் பணத்தில் செருமானியர் தமிழருக்கு வழிபாடு நடத்தினர். 1742-ல் வேப்பேரிப் பொறுப்பை ஏற்ற பப்ரிசியுஸ் தமிழ் அகராதி வரலாற்றிலும் விவிலிய மொழிபெயர்ப்பு வரலாற்றிலும் சிறப்பிடம் பெற்றவர். 1761-ல் புதுச்சேரி வீழ்ந்தபொழுது கைப்பற்றிய அச்சுப்பொறி அவர்பால் ஒப்படைக்கப்பட்டதும் பலரும் அறிந்ததே. அவர் செருமானியத் திருப்பாடல்களை அவற்றின் மெட்டுக் குலையாமல் தமிழாக்கினார் என்பதே ஈண்டு நமக்கு வேண்டுவது. லூத்தரன் சபையார் அவ்வகைப் பாடல்களை ஞானப்பாட்டு என்றனர். பின்னாளில் ஆங்கிலத் திருச்சபை வழிவந்தோர் பாமாலை என்றனர். இறக்குமதி மெட்டுக்குப் பாமாலை. இராகமும் தாளமும் அமைந்த நாட்டுப் பாடலுக்குக் கீர்த்தனை. இப்பாகுபாடு இன்றும் திருச்சபைப் பாடல் நூல்களில் நிலவுகின்றது. இதனை அறியாது இரண்டையும் 'கிறித்தவப் பாடல்' என ஒன்றாகக் கட்டிவிடும் ஆய்வேடுகள் பல.

பாமாலையின் யாப்பினைத் தமிழாசிரியர் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். மேலைத் திருப்பாடலின் மெட்டில் பெரும்பாலும் ஓரசைக்கு ஒரு சுரம். சுரத்தின் நீளத்தையும் அழுத்தத்தையும் மெட்டே முடிவு செய்யும். சொல் அதற்குப் பணியவேண்டும். ஆங்கிலத்திலும் செருமானியத்திலும் அழுத்தமே செய்யுளின் உயிர்நிலையாதலின் அம்மொழிகள் எளிதிற் பணிந்தன. தமிழில் மாத்திரையே உயிர்நிலை. குறிலை நெடிலாக்கினால் ஓசை மட்டும் கெடுவதன்று, சொல்லே வேறாகிவிடும். நீண்ட சுரத்தில் 'வரம்' என்பது வாரமாகும். 'பலன்' என்பது பாலனாகும். 'மனம்' என்பது மானமாகும். கேட்போர் இடம் நோக்கிப் பொருள் கொள்வர் என்பது உண்மையே. ஆயினும் ஓதுவார் பாடக் கேட்டுப் பழகிய செவிக்கு அது இடறலே.

இதனினும் நுட்பமான முரண் ஒன்றுண்டு. அம்மெட்டுகளுட் பல, அழுத்தம் பெறாத சுரத்தில் தொடங்குவன. ஆங்கிலத்திலும் செருமானியத்திலும் தொடர்கள் பெரும்பாலும் சிறு சார்புச் சொற்களோடு தொடங்குதலின் அத்தொடக்கம் இயல்பாகப் பொருந்துகின்றது. தமிழ்த் தொடர்க்கு முன்னே ஒட்டும் சார்புச்சொல் இல்லை. உருபும் விகுதியும் பின்னேதான் வரும். ஆகவே தமிழடியின் கனம் முதற்சீரிலேயே உள்ளது. மோனை நிற்பதும் எதுகை நோக்குவதும் அங்கேயே. மெட்டின் மெலிந்த இடத்தில் தமிழடியின் வலிய இடம் சென்று விழுகின்றது. பப்ரிசியுஸின் தமிழ்ப் புலமையைக் குறை கூறுவார் இலர். எத்துணைப் புலமை உடையார்க்கும் இத்தடை உண்டு.

செபநூலின் உரைநடையோ இத்தொல்லைக்கு உட்படவில்லை. வேப்பேரியில் நெடுங்காலம் பணியாற்றிய அகராதி ஆசிரியர் ராட்லர் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதனைத் தமிழாக்கினார். பலர் ஒருங்கே வாய்விட்டு ஓதும் உரைநடை தமிழில் அரிது. 1578-ல் அச்சான தம்பிரான் வணக்கம் முதலாகக் கத்தோலிக்கச் செபங்கள் உண்டெனினும், வழிபாடு முழுவதையும் குருவும் சபையும் மாறி மாறி உரைநடையில் ஓதும் வழக்கத்தைச் சென்னைத் தமிழர்க்குப் பழக்கியது இந்நூலே. தமிழ் உரைநடை வரலாற்றில் நாவலையும் செய்தித்தாளையும் எண்ணுவோர் இதனையும் எண்ணுதல் தகும். இன்னொன்றும் கூறவேண்டும். விவிலியத்தின் சங்கீதப் பகுதியை ஆங்கிலேயர் ஓதும் முறையில், அடியின் பெரும்பகுதி ஒரே சுரத்தில் எத்துணைச் சொற்களாயினும் தாங்கிச் செல்லும். இறுதியில் மட்டும் சில சுரங்கள் இறங்கி முடியும். தாளக்கட்டு இல்லை. நம் விருத்தம் பாடும் முறையோடு ஒருவாறு ஒப்பிடத்தக்கது இது. ஆங்கிலேயர்க்கே சிறப்பாக உரிய இம்முறை தமிழ் மாத்திரையைச் சிதைக்காது விட்டதும், எல்லார்க்கும் பொதுவெனக் கருதப்பட்ட பாமாலை சிதைத்ததும் எண்ணத்தக்கன.

இனி வழக்கிற்கு வருவோம். 1820-களின் இடையில் அறிவு வளர்ச்சிச் சங்கத்தின் தென்னாட்டுப் பணித்தளங்கள் சுவிசேடப் பரப்புச் சங்கத்தின் கைக்கு மாறின. லூத்தரன் முறை போய் ஆங்கிலச் செபநூல் முறை வந்தது. இதனை எதிர்த்தவர்களுள் தலையாயவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774-ல் திருநெல்வேலியிற் பிறந்து, சுவார்ட்சு ஐயரிடம் பயின்று, 1864-ல் மறைந்த இவரை, மாயூரம் வேதநாயகம் பிள்ளையோடு மயங்கும் மாணவர் இன்றும் உளர். பிள்ளையவர்கள் கத்தோலிக்கர், அவர் பிறந்தது 1826-ல். சாஸ்திரியார் பாடிய பெத்லகேம் குறவஞ்சி இலக்கிய வரலாற்று நூல்களில் இடம்பெற்றது. அவர்தம் கீர்த்தனைகளோ பாடுவார் நாவில் வாழ்கின்றன.

1820-களின் இறுதியில் அவரும் அவரைச் சார்ந்தோரும் புதிய குருமார் மீது நான்கு குற்றங்களைச் சாட்டினர். பப்ரிசியுஸின் விவிலிய மொழிபெயர்ப்பை இரேனியுஸ் முதலியோர் திருத்தியது ஒன்று. சாதிப் பிரிவின்றிச் சபையாரை ஒன்றாக்க முயன்றது இரண்டு. மணத்திலும் விழாவிலும் மலர் சூடுவதைத் தடுத்தது மூன்று. கோயிலில் தமிழ்ப் பாடலையும் இசையையும் விலக்கியது நான்கு.

இந்நான்கும் ஒரே ஏட்டில் நிற்பதுதான் இவ்வரலாற்றின் முள். தமிழிசைக்கு வாதாடிய அதே கை, கோயிலில் தாழ்த்தப்பட்டோர்க்குத் தனியிருக்கை வேண்டும் என்றும் எழுதிற்று. சாஸ்திரியாரைப் போற்றும் கட்டுரைகள் நான்காவது குற்றச்சாட்டை விரித்துரைத்து இரண்டாவதை விட்டுவிடுகின்றன; சாதி வரலாறு எழுதுவோர் இரண்டாவதை விரித்து நான்காவதைச் சாதிப்பற்றின் போர்வை என்று தள்ளுகின்றனர். இரண்டும் சான்றினைப் பாதியாக வெட்டிப் படிப்பதேயாம். எம் கருத்தில், அவர்க்கு இவை தனித்தனி வழக்குகள் அல்ல. மலரும் இசையும் இருக்கையும் சேர்ந்தே ஒரு வாழ்க்கை முறையாக அவர் கண்முன் நின்றன. குருமாரும் அவ்வாறே கண்டனர். மலர், இராகம், சாதி மூன்றையும் 'புறச்சமய வழக்கு' என்னும் ஒரே மூட்டையில் கட்டினர். 1833-ல் கல்கத்தா அத்தியட்சர் டானியல் வில்சன், சாதி வேறுபாட்டை உடனே, முற்றிலும் கைவிடவேண்டும் எனச் சுற்றுக் கடிதம் விடுத்தார். அக்கடிதம் அறத்தின் பாற்பட்டது என்பதில் ஐயமில்லை. வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் அதனால் சபையை விட்டு விலகினர். ஆனால் அம்மூட்டையை அவிழ்த்து, சாதியை எறிந்து இராகத்தை வைத்துக்கொள்ளலாம் என்று அன்று இருதரப்பாரும் எண்ணியதாகத் தோன்றவில்லை.

குருமாரின் இசைக் கெடுபிடியைத் தமிழின்மீது கொண்ட வெறுப்பு என்று மட்டும் கொள்வதும் பொருந்தாது. ஏனெனில், அதே காலத்தில் இங்கிலாந்திலேயே ஆங்கிலத் திருச்சபைக்குப் பாடல் பற்றிய தெளிவில்லை. செய்யுளாக்கப்பட்ட சங்கீதங்கள் அன்றிப் பிற பாடல்களைக் கோயிலிற் பாடலாமா என்பது ஷெபீல்டு நகரில் வழக்காகி, 1820-ல்தான் ஒருவாறு ஓய்ந்தது. தாம் தொகுத்த பாடல்களுக்குத் திருச்சபையின் ஒப்புதல் வேண்டி முயன்றும் பெறாதவர் ரெஜினால்டு ஹீபர். அவர் 1823-ல் கல்கத்தா அத்தியட்சராக வந்தார். 1826-ஆம் ஆண்டு உயிர்த்தெழுந்த திருநாளில் தஞ்சையில் தமிழ் வழிபாட்டிற் கலந்து, தமிழிலேயே ஆசி மொழிந்தார். அடுத்த சில நாட்களில், ஏப்ரல் 3-ஆம் நாள், திருச்சிராப்பள்ளியில் மறைந்தார். அவர் தொகுத்த பாடல்கள் மறு ஆண்டில்தான் நூலாயின. சாந்திரி என்னும் சிற்பி வடித்த அவருடைய சலவைக்கல் உருவம் தூய ஜார்ஜ் பேராலயத்துள் உள்ளது. தன் நாட்டுப் பாடலுக்கே இடம் தேடிக்கொண்டிருந்த ஒரு சபையிடம் சாஸ்திரியார் தம் நாட்டுப் பாடலுக்கு இடம் கேட்டார் என்பதை அவ்வுருவம் நினைவூட்டும். பேராலயம் 1835-ல் டானியல் காரி சென்னையின் முதல் அத்தியட்சரானபோதுதான் அத்தகுதி பெற்றது. அதற்கு முன் அது சௌல்திரிச் சமவெளியில் தோட்ட வீடுகளில் வாழ்ந்த ஆங்கிலேயர்க்கான கோயில் மட்டுமே.

கோயிலுக்கு வெளியே நிகழ்ந்தது வேறு. கோட்டையில் ஒலித்த மேலைக் கருவியிசை மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்த தீட்சிதர் குடும்பத்தை எட்டியது. பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் பயின்று அதனைக் கருநாடக இசைக்குக் கொணர்ந்தார். அவர் தமையனார் முத்துசாமி தீட்சிதர் ஆங்கில வாத்திய மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். அவை நோட்டுசுரம் எனப்பட்டன. ஆங்கிலேயர் தம் அரசனை வாழ்த்தும் மெட்டில் அம்பிகையின் புகழ் பாடப்பட்டது. ஆங்கில மெட்டு இந்துக் கீர்த்தனையுள் தடையின்றிப் புகுந்த அதே காலத்தில்தான் கீர்த்தனை ஆங்கிலத் திருச்சபையின் வாயிலில் தடையுண்டது. கொள்வோன் தானே விரும்பிக் கொண்டதற்கும், ஆளுவோன் வழிபாட்டு ஒழுங்கென விதித்ததற்கும் உள்ள வேறுபாடு இது.

கீர்த்தனையை முதலில் நூலாக்கி வழிபாட்டிற்கு வழங்கியோர் செபநூற் கட்டு இல்லாதவர்கள். மதுரைப்பகுதி அமெரிக்க மிசனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853-ல் வெளியிட்ட தொகுப்பில் சாஸ்திரியாரின் பாடல்கள் பெருவரவின. ஸ்காத்துலாந்துத் திருச்சபையார் பணியாற்றிய செங்கற்பட்டு வட்டாரத்திலும் அச்சிட்ட செபத்தைச் சொல் மாறாது ஓதும் கட்டாயம் இல்லை. ஆங்கிலத் திருச்சபையிலோ கீர்த்தனை கதாகாலட்சேபத்திலும், வீட்டுச் செபக் கூட்டத்திலும், பசனையிலும் செழித்து, வழிபாட்டின் ஓரங்களில் மெல்ல மெல்ல ஒட்டிக்கொண்டது. வைணவராயிருந்து 1858-ல் சென்னையில் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இச்சபையினரே. 1894-ல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தின் இடையிடையே அவர் தேவாரப் பாங்கில் பதிகங்களை அமைத்தார். காவியத்தைப் படிப்போர் சிலர். பதிகங்களைப் பாடுவோர் பலர்.

இதற்கிடையில் பேராலயங்களில் மற்றொரு வகை இசை வளர்ந்தது. வழிபாட்டிற்கு வெளியே, கேட்பதற்கென்றே நிகழும் இசையரங்கு அது. மிஸ்குவித்து நிறுவனம் 1842-ல் தோன்றிப் பின்னர் மியூசி மியூசிக்கல் எனப் பெயர் மாறியது. பியானோவும் ஆர்கனும் அதன் வழியே நகருக்குள் பரவின. 1893-ல் மதராஸ் மியூசிக்கல் அசோசியேசன் தோன்றியது. இந்தியாவின் பழைய மேலையிசைப் பாடற்குழுக்களுள் ஒன்று அது. ஹாண்டலின் மெசியா முதலிய பேரிசைப் படைப்புகளைச் சென்னையார் கேட்டது இத்தகைய குழுக்களின் வாயிலாகவே. மெசியா 1742-ல் டப்ளின் நகரில் அரங்கேறியது ஓர் இசைமண்டபத்தில், கோயிலில் அன்று. மறைமொழியைக் கூத்தரங்கில் பாடலாமா என்று இலண்டனில் பூசல் எழுந்தது. அரங்கிற்கெனப் பிறந்தது சென்னையில் கோயிலுக்குட் புகுந்தது. கோயிலுக்கெனப் பிறந்த சாஸ்திரியாரின் கீர்த்தனை காலட்சேப மேடையில் வாழ்ந்தது. அதே 1893-ல் சென்னையில் கிறித்தவரான ஏ. எம். சின்னசாமி முதலியார் தியாகராசர் கிருதிகளை மேலைச் சுரக்குறியில் அச்சிட்டார் என்பதை இசைவாணர் அறிவர். நாட்டின் கீர்த்தனையை மேலைக் கருவியாளர் கண்ணாற் படிக்க வழி செய்த முயற்சி அது. கோயிற் பாடற்குழுக்கள் அதனைக் கையிலெடுத்தனவாகக் காணோம்.

வழிபாடும் இசையரங்கும் கலக்கும் இடம் ஒன்றுண்டு: கிறித்து பிறப்புக்கால 'ஒன்பது பாட' வழிபாடு. இங்கிலாந்தில் திரூரோ நகரில் 1880-ல் தொடங்கி, 1918-ல் கேம்பிரிட்சு அரசர் கல்லூரிக் கோயில் ஏற்றபின் உலகெங்கும் பரவிய இம்முறையில், விவிலியப் பகுதி ஒவ்வொன்றன் பின்னும் ஒரு பாடல் வரும். மக்கள் செபிப்பவர்களா, கேட்பவர்களா என்று வரையறுக்க இயலாது. சென்னைத் தமிழ்ச் சபைகளும் இதனை ஏற்றன. 'கேரல்' என்னும் சொல்லே தமிழாகிவிட்டது. தாளைப் பார்த்து நான்கு குரலில் மேலைப் பாடலைப் பாடிய குழுவினரே அடுத்துச் செவிவழிக் கற்ற கீர்த்தனையைப் பாடுதலை இவ்வழிபாட்டிற் காணலாம்.

1947 செப்டம்பர் 27-ஆம் நாள் தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கிற்று. ஆங்கிலத் திருச்சபையினரும், மெதடிஸ்டு சபையினரும், 1908 முதல் ஒன்றாயிருந்த தென்னிந்திய ஐக்கிய சபையினரும் இணைந்தனர். இவ்விணைப்பினை அத்தியட்சர் ஆட்சி பற்றிய சிக்கலாகவே திருச்சபை வரலாற்றாசிரியர் எழுதுவர். இசைக்கு அதன் விளைவு பெரிது. நகரத்துப் பேராலயமும், மாமல்லபுரம் தொடங்கிக் கடப்பாக்கம் வரையுள்ள கடற்கரையும் அடங்கிய செங்கற்பட்டுப் பகுதியும் ஒரே சென்னைப் பேராயத்தின் கீழ் வந்தன. செபநூலோடு வளர்ந்தவரும் கீர்த்தனையோடு வளர்ந்தவரும் ஒரே வழிபாட்டு முறையை வகுக்க வேண்டியவராயினர். 1950-ல் வழங்கத் தொடங்கிய திருவிருந்து ஒழுங்கும், 1963-ல் நூலான பொது வழிபாட்டு முறையும் சபையாரின் மறுமொழிகளை மிகுவித்தன. கைகளுக்குள் கைவைத்துச் சமாதானம் கூறும் சிரியன் கிறித்தவர் வழக்கத்தையும் ஏற்றன. பாமாலை வேண்டுமா கீர்த்தனை வேண்டுமா என்பதை அந்தந்தச் சபைக்கு விட்டன. 1820-களில் வழக்காகி நின்றது, இவ்வாறு அரவமின்றித் தீர்ந்தது.

தீர்த்து வைத்தவர் யார் என்று நோக்கினால் வியப்பே விளையும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் கூட்டங்கூட்டமாகத் திருச்சபையிற் சேர்ந்த சிற்றூர்த் தாழ்த்தப்பட்ட மக்களே கீர்த்தனையை மனப்பாடமாகப் பேணியவர்கள். ஆர்கன் இல்லாத ஊரில், எழுத்தறியாதார் நிறைந்த சபையில், உபதேசியார் ஓரடி பாட மற்றவர் வாங்கிப் பாட இடந்தருவது பல்லவியே. எவரோடு ஒன்றாய் அமர்தல் தகாதென்று சாஸ்திரியார் வாதிட்டாரோ அவர்தம் வழிவந்தோரே அவர் பாடல்களைக் காத்தனர்.

இன்று சென்னைக் கோயில்களில் கீர்த்தனைக்கும் ஆர்கனோ, மின்விசைக் கீபோர்டோ துணையாகின்றது. விசைப்பலகையின் சுரங்கள் பன்னிரண்டும் நிலையானவை. கமகம் அவற்றின் இடைவெளியில் வாழ்வது. இரு முறையும் அறிந்த தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில், சிலப்பதிகார உரைவழிப் பாலைகளை ஆராய்ந்து, ஒரு தானத்தைச் சமமாகப் பன்னிரண்டாகவும் இருபத்துநான்காகவும் பகுக்கும் முறையே பழந்தமிழர் முறை என்று நிறுவ முயன்றார். அவர் கணக்கினை மறுப்பார் உளர். கிறித்தவக் கோயிலின் ஆர்கனையும் இளங்கோவடிகளின் யாழையும் ஒரே செவியாற் கேட்ட ஒருவரே அவ்வாராய்ச்சியைத் தொடங்கியிருக்க முடியும். அவரும் கிறித்தவக் கீர்த்தனைகள் பல இயற்றியவர். கோயிலில் அவை பாடப்படும்பொழுது, பழகிய குழுவினர் கமகம் வரும் இடத்தில் கீபோர்டை நிறுத்திக் குரலை மட்டும் விடுகின்றனர்.